சூரியன் கிட்ட போக எது நல்ல வழி: வியாழனைச் சுத்தியா, வெள்ளியை ஏழு தடவை உரசிக்கிட்டா?

நாசா சூரியனை ஆராய அனுப்பின பார்க்கர் சோலார் ப்ரோப் பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா அந்த ஹீட் ஷீல்டுக்குத்தான் போவாங்க, அவ்வளவு சூட்டுல எப்படி உருகாம இருக்குன்னு. நல்ல கேள்விதான், அதுக்கும் வர்றேன். ஆனா எனக்கு இந்த மிஷன்ல ரொம்பப் பிடிச்சது அதுக்கு முன்னாடி எடுத்த ஒரு முடிவு. 2005-ல ரிப்போர்ட்டா எழுதி வச்சிருந்த பிளான் வேற, 2018 ஆகஸ்ட் 12-ம் தேதி கிளம்பின விண்கலம் வேற. பழைய பிளான்படி முதல்ல வியாழன் வரைக்கும் போகணும், அங்கிருந்து திரும்பி சூரியனை 4 ஆரம் தூரத்துல உரசிட்டு வரணும். நிஜமா நடந்தது என்னன்னா வெள்ளி கிரகத்தை ஏழு தடவை தொட்டுத் தொட்டு கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கி 9.86 ஆரத்துல நின்னுட்டாங்க.

ஆரம்னா சூரியனோட மையத்துல இருந்து விளிம்பு வரைக்கும் உள்ள தூரம், கிட்டத்தட்ட 7 லட்சம் கி.மீ. பூமி 215 ஆரம் தள்ளி இருக்கு. இந்த தூரம் எல்லாம் சூரியனோட மையத்துல இருந்து எண்ணுறது. அப்ப 4 ஆரம்னா சூரியன் மேற்பரப்புல இருந்து 21 லட்சம் கி.மீ, 9.86 ஆரம்னா 61 லட்சத்துக்கு மேல. கிட்ட போறதுதான் மொத்த நோக்கமே, அப்புறம் எதுக்கு மூணு மடங்கு தூரத்துக்கு ஒத்துக்கிட்டாங்க? ரொம்ப நாள் வரைக்கும் இது காசு இல்லாததால செஞ்ச சமரசம்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். இப்ப அப்படி நினைக்கல, வெள்ளி வழிதான் சரியான வழின்னு சொல்வேன், ஏன்னுதான் எழுத வந்தேன்.

முதல்ல ஒரு வழியை சீக்கிரமா தள்ளி வச்சிடலாம், ராக்கெட்டை நேரா சூரியனைப் பாத்து விடுறது. சூரியன்தான் எல்லாத்தையும் இழுக்குதே, விட்டா தானா விழுந்துடாதான்னு தோணும். விழாது. பூமி சூரியனைச் சுத்தி செகண்டுக்கு 30 கி.மீ வேகத்துல ஓடிட்டிருக்கு, இங்கிருந்து கிளம்புற எதுக்கும் அந்த ஓட்டம் பிறவியிலேயே ஒட்டிக்கிட்டு வரும், அதைக் கழிச்சாத்தான் உள்ள விழ முடியும். 9.86 ஆரத்தைத் தொடுற ஒரு பாதையில நேரா போகணும்னா அந்த 30-ஐ 9-க்கு கொண்டு வரணும், அதாவது 21-ஐ கழிக்கணும். பார்க்கரை ஏத்தின டெல்டா 4 ஹெவி அன்னைக்கு இருந்த ராட்சச ராக்கெட்டுகள்ல ஒண்ணு, அதுக்கு மேல இன்னொரு ஸ்டேஜும் வச்சாங்க, விண்கலம் வெறும் 700 கிலோ கூட கிடையாது, அப்படியும் பூமியோட பிடியை விட்டு வெளிய வந்தப்போ கையில மிச்சம் இருந்த வேகம் 12 சொச்சம்தான். மீதியை எங்கயாவது கடன் வாங்கித்தான் ஆகணும். ஒரு கிரகத்துக்கு முன்பக்கமா குறுக்க போனா அதோட ஈர்ப்பு நம்ம வேகத்துல கொஞ்சத்தைப் பிடுங்கிக்கும், இங்க நமக்கு வேண்டியதும் அந்த இழப்புதான். அப்ப கேள்வி, எந்த கிரகம்?

வியாழனுக்கு பூமியை மாதிரி 318 மடங்கு எடை. ஒரே ஒரு தடவை சரியான கோணத்துல பக்கத்துல போனா போதும், பக்கவாட்டு வேகத்தை கிட்டத்தட்ட மொத்தமா அழிச்சு கலத்தை சூரியனை நோக்கி விழ வச்சிடும். இன்னொரு பெரிய லாபமும் உண்டு, கிரகங்கள் எல்லாம் சுத்துற அந்த தட்டு மாதிரியான மட்டத்துல இருந்தே கலத்தைத் தூக்கி செங்குத்தா திருப்பி விட்டுடும், அதனால சூரியனோட துருவங்களுக்கு மேல பறக்கலாம். இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்ல, 1990-ல கிளம்பின யுலிசிஸ் 1992-ல வியாழன்ல இப்படித் திரும்பி சூரியனோட ரெண்டு துருவத்துக்கு மேலயும் போய்ட்டு வந்தது. ஆனா அது சூரியன் கிட்ட வரவே இல்ல, பூமியை விட தள்ளியேதான் சுத்துச்சு, கேமராவும் கிடையாது.

வெள்ளி அப்படி இல்ல. எடை பூமியை விட கம்மி. ஒரு தடவை பக்கத்துல போனா கொஞ்சமாத்தான் வேகம் குறையும். அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்ங்கிற மாதிரி திரும்பத் திரும்ப போகணும். உள்ள இறங்குறதுக்கே அத்தனை உரசலும் செலவாகிட்டா துருவம் பக்கம் போகவே முடியாது, கிரகங்களோட மட்டத்துலயேதான் கிடக்கணும். காகிதத்துல வச்சுப் பாத்தா வியாழன் வழி அடிச்சு தூக்குது, அதிக நெருக்கம், துருவம், ஒரே திருப்பம்.

ஆனா அந்த வழியில போற கலத்தோட நிலைமையை யோசிங்க. வியாழன் கிட்ட சூரிய வெளிச்சம் பூமியில இருக்கிறதுல 27-ல ஒரு பங்கு. அங்கிருந்து கிளம்பி 4 ஆரத்துக்கு வந்தா பூமியில இருக்கிறதைப் போல 2,900 மடங்கு. ஒரே கலம் இந்த ரெண்டையும் பாக்கணும். இருட்டுல வேலை செய்ய பெரிய சோலார் பேனல் வேணும், அதே பேனல் சூரியன் கிட்ட வந்தா கருகிடும். அதனாலதான் பழைய பிளான்ல புளூட்டோனியத்துல ஓடுற அணு பேட்டரி வச்சிருந்தாங்க. அந்த வகை புளூட்டோனியத்தை அமெரிக்கா தயாரிக்கிறதை 1980-கள் கடைசியிலயே நிறுத்திட்டாங்க, இருந்த கையிருப்பு கொஞ்சம், அதுக்கு போட்டி போட எத்தனையோ மிஷன். கடைசியில அணு பேட்டரி இல்லாம, செலவையும் குறைச்சு வேற வழி கண்டுபிடிங்கன்னு நாசா கேட்டப்போதான் வெள்ளி வழியே பொறந்தது.

சூட்டைப் பத்தி பேசறப்போ பலர் கவனிக்காத ஒண்ணு, நிழல். பூமியில இருந்து பாத்தா சூரியன் அரை டிகிரி அகலம்தான், ஒரு சின்ன வட்டம். 9.86 ஆரத்துல அது கிட்டத்தட்ட 12 டிகிரி. 4 ஆரத்துல 29 டிகிரி, எதிர்ல ஒரு சுவர் மாதிரி நிக்கும். வெளிச்சம் அவ்வளவு அகலத்துல இருந்து வந்தா குடை மாதிரி முன்னாடி நிக்கிற ஷீல்டுக்குப் பின்னாடி விழற நிழல் சட்டுனு குறுகிடும், ஐஸ்கிரீம் கோன் மாதிரி. அந்த கோனுக்குள்ள அடங்குற அளவுக்குத்தான் கலத்தையே கட்ட முடியும். அதனால 2005 டிசைன்ல ஷீல்டே ஒரு பெரிய கூம்பு. பார்க்கருக்கு நிழல் நீளமா கிடைச்சதால தட்டையான ஒரு கேடயமே போதும்னு ஆச்சு, 2.4 மீட்டர் அகலம், 11 செ.மீ சொச்சம் தடிமன், 73 கிலோ எடை. ரெண்டு கார்பன் தகடு, நடுவுல கார்பன் நுரை, அந்த நுரையில 97 சதவீதம் வெறும் காத்து. முன்பக்கம் 1,370 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரி கட்டினது, மிக நெருக்கமா போனப்போ ஏறினது 980 டிகிரி பக்கம்தான், பின்னாடி இருக்கிற கருவிகளுக்கு நம்ம வீட்டு ரூம் சூடு. சூரியனோட வெளி வளிமண்டலமான கொரோனாவுல பல லட்சம் டிகிரின்னு சொல்றாங்களே அதெல்லாம் எங்க போச்சுன்னா, அங்க பொருள் ரொம்ப ரொம்ப மெலிசு, ஒவ்வொரு துகளும் பயங்கர வேகம் ஆனா எண்ணிக்கை கம்மி, அதனால கலத்தைச் சுடுறது முக்கியமா சூரிய வெளிச்சம்தான்.

வெள்ளி வழியில சோலார் பேனலை வச்சுக்க முடிஞ்சதுக்கும் சும்மா விலை கொடுக்கல, 475 மடங்கு வெளிச்சம் அடிக்கிற இடத்துல பேனலை நீட்டி வைக்க முடியாது. கிட்ட வர வர பேனலை நிழலுக்குள்ள மடக்கி ஓரத்தை மட்டும் காட்டுவாங்க, அந்த ஓரத்துக்கும் பின்னாடி குழாய்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், சூட்டை எடுத்துட்டு போய் ரேடியேட்டர்ல விட்டுட்டு திரும்ப வரும். சூரியனைத் தொடப் போற கலத்தைக் குளிர வைக்கிறது சாதாரண தண்ணின்னு முதல் தடவை படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது.

இதெல்லாம் இன்ஜினியரிங். என் மனசை மாத்தினது நேரக் கணக்கு.

வியாழன் வழியில போனா முதல் தடவை சூரியனைப் பாக்கவே 4 வருஷம் ஆகும். வந்து 4 ஆரத்துல செகண்டுக்கு 300 கி.மீக்கு மேல வேகத்துல பறந்தா ஒரு துருவத்துல இருந்து இன்னொரு துருவம் போக ஏறக்குறைய 13 மணி நேரம், அவ்வளவுதான், முடிஞ்சது. திரும்ப வியாழன் தூரம் வரைக்கும் வெளிய போய்ட்டு அடுத்த தடவை வர இன்னும் 4 வருஷத்துக்கு மேல. பழைய பிளான்லயே ரெண்டு தடவைதான் எதிர்பார்த்தாங்க. அந்த 13 மணி நேரத்துல ஒரு கருவி மக்கர் பண்ணா, இல்ல சூரியன் அன்னைக்கு பாத்து அமைதியா இருந்துட்டா, ஒண்ணும் செய்ய முடியாது.

பார்க்கர் கிளம்பி மூணு மாசம் ஆகறதுக்குள்ள, 2018 நவம்பர்லயே முதல் தடவை சூரியன் பக்கத்துல போய்டுச்சு, 35.7 ஆரத்துல. அது ஒண்ணும் பெரிய நெருக்கம் இல்லதான், ஆனா 1976-ல ஹீலியோஸ் 2ங்கிற கலம் வச்சிருந்த நெருக்க சாதனையை அன்னைக்கே தாண்டிடுச்சு. அப்புறம் 28, 20, 16, 13, 11ன்னு படிப்படியா இறங்கி, 2024 நவம்பர் 6-ம் தேதி ஏழாவது தடவையா வெள்ளியை உரசினதுக்கு அப்புறம், அதே வருஷம் டிசம்பர் 24-ம் தேதி 9.86. அன்னைக்கு வேகம் மணிக்கு 6,92,000 கி.மீ. மனுஷன் செஞ்ச எந்த பொருளும் அதுக்கு முன்னாடி அவ்வளவு வேகமா போனதில்ல. போட்ட திட்டம் 24 சுத்து, அது 2025 ஜூன்ல முடிஞ்சும் கலம் சுத்திட்டுத்தான் இருந்தது. 20 ஆரத்துக்கு உள்ள மட்டும் 900 மணி நேரத்துக்கு மேல கிடைக்கும்னு மிஷன் கணக்கு. ஒரு பக்கம் 4 ஆரத்துல சில மணி நேரம், இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளி நூத்துக்கணக்கான மணி நேரம்.

இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு பாருங்க. முதல் சுத்துகள் ஒவ்வொண்ணும் 150 நாள். வெள்ளி சூரியனை ஒரு தடவை சுத்த 225 நாள். அப்ப கலம் மூணு சுத்து முடிக்கறப்போ வெள்ளி சரியா ரெண்டு சுத்து முடிச்சிட்டு அதே இடத்துக்கு வந்து நிக்கும். முதல் சந்திப்பு 2018 அக்டோபர் 3, ரெண்டாவது 2019 டிசம்பர் 26, நடுவுல எண்ணினா 449 நாள், வெள்ளியோட ரெண்டு வருஷம். ஏழு சந்திப்பையும் இந்த மாதிரி முன்கூட்டியே கோர்த்து வச்சிருந்தாங்க, 150 நாளா இருந்த சுத்து கடைசியில 88 நாளா சுருங்குச்சு.

திரும்பத் திரும்ப போறதுல என்ன கிடைச்சதுன்னா, முதல் சுத்துலயே சூரியக் காத்துல, அதாவது சூரியன்ல இருந்து ஓயாம வெளிய வீசுற துகள்களோட ஓட்டத்துல, காந்தப்புலம் சட்டுசட்டுனு திரும்பி S மாதிரி மடங்குறதைப் பாத்தாங்க, ஸ்விட்ச்பேக்னு பேர். முன்னாடி போன கலங்கள் அங்கொண்ணு இங்கொண்ணா பாத்திருந்தாங்க, இங்க அது கூட்டம் கூட்டமா வந்தது. ஒரே தடவை போயிருந்தா "இப்படி ஒண்ணு இருக்கு"ன்னு எழுதிட்டு நிறுத்தியிருக்கணும். இவங்க அடுத்தடுத்த சுத்துல இன்னும் உள்ள போய் பாத்து, அந்த கூட்டங்களோட அளவு சூரியன் மேற்பரப்புல கொதிச்சு புரள்ற பெரிய வாயுத் திட்டுகளோட (செல்னு சொல்வாங்க) அளவுக்கு ஒத்துப் போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது விதை கீழ எங்க இருக்குன்னு ஒரு பிடி கிடைச்சது. 2021 ஏப்ரல் 28-ம் தேதி எட்டாவது சுத்துல 18.8 ஆரத்துல ஆல்ஃப்வென் எல்லையைத் தாண்டி உள்ள போச்சு. அந்த எல்லைக்கு வெளிய சூரியக் காத்து தன் போக்குல போய்டும், உள்ள இருக்கிற வரைக்கும் சூரியனோட காந்தப்பிடியில இருக்கும். சூரியனை முதல் தடவை "தொட்டது"ன்னு சொல்றது இதைத்தான். அந்த எல்லை வழுவழுன்னு ஒரு பந்து மாதிரி இல்ல, மேடும் பள்ளமுமா இருக்குன்னு தெரிஞ்சதே அன்னைக்கு உள்ளயும் வெளியயுமா சில தடவை மாறி மாறி போனதாலதான்.

எல்லாத்துக்கும் மேல, சூரியனே ஒரே மாதிரி இருக்கிறதில்ல, ஏறக்குறைய 11 வருஷ சுழற்சி. பார்க்கர் கிளம்பினப்போ சூரியன் ரொம்ப அமைதி, 2024-ல உச்சம். 2022 செப்டம்பர் 5-ம் தேதி சூரியன்ல இருந்து வெடிச்சு கிளம்பின பிளாஸ்மா மேகத்துக்கு உள்ளயே இது பறந்து வெளிய வந்தது. ரெண்டே ரெண்டு தடவை எட்டிப் பாக்குற கலத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு மாட்டணும்னா அதிர்ஷ்டம் வேணும், 24 தடவை போறதுக்கு மாட்டாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

போற வழியில ஒரு போனஸும் கிடைச்சது, வெள்ளியோட இருட்டு பக்கத்தைக் கேமரா படம் எடுத்தப்போ மேகத்துக்கு அடியில தரையே மங்கலா ஒளிர்றது தெரிஞ்சது. மேகம் மட்டும்தான் தெரியும்னு நினைச்சு எடுத்த படம் அது. தரை அவ்வளவு சூடு, சிவக்க காய்ச்சின இரும்பு மாதிரி.

சரி, மூணாவதா ஒரு வழி இருக்கு, அதையும் நேர்மையா வைக்கணும். அவ்வளவு கிட்ட போகவே வேணாம், எட்டி நின்னு நல்லா படம் எடுங்கன்னு. இது மட்டமான யோசனை இல்ல. பார்க்கரால சூரியனை நேரா படமே எடுக்க முடியாது, ஷீல்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு பக்கவாட்டுலதான் அதோட கேமரா பாக்கும். காத்தை முகர்ந்து பாக்குது, அந்தக் காத்து எந்த இடத்துல இருந்து கிளம்புச்சுன்னு அதுக்குத் தெரியாது. 2020 பிப்ரவரியில ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து அனுப்பின சோலார் ஆர்பிட்டர் அதைத்தான் பாக்குது. 60 ஆரம் பக்கத்துல, அதாவது 4.2 கோடி கி.மீ தூரத்துல வந்து நிக்கும், அங்க வெளிச்சம் பூமியை மாதிரி 13 மடங்குதான், அதனால ஷீல்டுல ஓட்டை போட்டு கதவு வச்சு அது வழியா டெலஸ்கோப்பைப் பாக்க விடலாம். சூரியன் மேற்பரப்புல "கேம்ப்ஃபயர்"னு பேர் வச்ச குட்டிக் குட்டி வெடிப்புகளை முதல் படங்கள்லயே காட்டுச்சு.

ரெண்டு ஷீல்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு வேடிக்கை, பார்க்கருக்கு முன்பக்கம் வெள்ளை பூச்சு, சோலார் ஆர்பிட்டருக்கு கருப்பு. வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அது புரியுது, கருப்பு எதுக்கு? சாதாரண வெள்ளை பூச்சு வருஷக்கணக்கா புற ஊதா பட்டு பட்டு பழுப்பாகும், நிறம் மாறினா சூடு வாங்குற கணக்கே மாறிடும். முதல்லயே கருப்பா இருந்தா இனி மாற ஒண்ணும் இல்ல, முதல் நாள் எவ்வளவு சூடு வாங்குச்சோ கடைசி நாளும் அவ்வளவுதான். அந்த கருப்பு எலும்புக் கரியில இருந்து செஞ்சது.

இன்னும் தள்ளி, பூமியில இருந்து 15 லட்சம் கி.மீ தூரத்துல, கலம் பூமி கூடவே சேர்ந்து சூரியனைச் சுத்துற மாதிரி ஈர்ப்பு அமையுற எல்1 புள்ளியில நிக்கிற கலங்களும் இருக்கு, 1995-ல போன சோஹோ, 2024 ஜனவரி 6-ம் தேதி அங்க சேர்ந்த நம்ம ஆதித்யா எல்1. தூரக் கணக்குல பாத்தா சூரியனை நோக்கி நூத்துல ஒரு பங்குதான் போயிருக்கு. ஆனா கண்ணே சிமிட்டாம நாள் முழுக்க பாக்கலாம், டேட்டா உடனே வரும். 1998-ல சோஹோ கட்டுப்பாட்டை இழந்து தொலைஞ்சே போச்சு, மாசக்கணக்கா போராடி மீட்டாங்க, அந்த தூரத்துல இருந்ததாலதான் அது முடிஞ்சது. பார்க்கர் சூரியன் கிட்ட இருக்கிறப்போ நாம பேசவே முடியாது, லேசா சாய்ஞ்சா நிழல் ஓரத்துல இருக்கிற சென்சார்ல வெளிச்சம் பட்டு தானே நிமிர்ந்துக்கணும். 2024 டிசம்பர் 24-ல போனதுக்கு 26-ம் தேதி ராத்திரிதான் "உயிரோட இருக்கேன்"னு சிக்னல் வந்தது.

அப்ப ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பலாம்னா? எந்த கேள்விக்கு பதில் வேணுங்கிறதைப் பொறுத்தது. சூரியப் புயல் வருதான்னு தெரியணும்னா எல்1, பேச்சே இல்ல. எந்த இடத்துல இருந்து கிளம்புதுன்னு தெரியணும்னா சோலார் ஆர்பிட்டர். ஆனா மேற்பரப்பு 5,500 டிகிரி இருக்கிறப்போ அதுக்கு மேல இருக்கிற கொரோனா மட்டும் எப்படி பத்து லட்சம் டிகிரிக்கு மேல போச்சு, சூரியக் காத்துக்கு அந்த வேகத்தை யார் கொடுக்குறாங்கங்கிற கேள்விக்கு உள்ள போய்த்தான் ஆகணும், ஏன்னா வெளிய வர்றதுக்குள்ள அந்தத் தடயம் எல்லாம் கலைஞ்சு போய்டுது. 1958-ல விஞ்ஞானி யூஜின் பார்க்கர் சூரியக் காத்துன்னு ஒண்ணு வீசுதுன்னு கணக்கு போட்டு சொன்னதும், சூரியனுக்கு ஒரு கலம் அனுப்பணும்னு அமெரிக்க விஞ்ஞானிகள் முதல்ல கேட்டதும் ஒரே வருஷம். 60 வருஷம் கழிச்சு தன் பேர் வச்ச கலம் கிளம்புறதை அவர் நேர்ல நின்னு பாத்தார், அது ஆல்ஃப்வென் எல்லையைத் தாண்டின செய்தியையும் கேட்டுட்டுத்தான் 2022 மார்ச்ல காலமானார். வியாழன் வழியில போயிருந்தா, அதே நாள் கிளம்பியிருந்தாலும், முதல் டேட்டா வர்றதே அவர் போனதுக்கு அப்புறமாத்தான் இருந்திருக்கும்.

உள்ள போறதுன்னு ஆனப்புறம் என் ஓட்டு வெள்ளிக்குத்தான். அதுக்காக எட்டி நின்னு பாக்குறது வீண்னு சொல்லல. 2022 ஜூன் 1-ம் தேதி சோலார் ஆர்பிட்டரை 45 டிகிரி உருட்டி, பார்வையையும் சூரியனை விட்டு கொஞ்சம் நகர்த்தி, பார்க்கர் இருந்த இடத்தைத் தன் கேமராவுல பிடிச்சாங்க. வெளியில இருந்து பாத்ததையும் உள்ள இருந்து அளந்ததையும் சேர்த்து வச்சு கொரோனா எவ்வளவு சூடாகுதுன்னு முதல் தடவை ஒரே நேரத்துல கணக்கு போட்டாங்க.

அடுத்து ஒரு கலம் போறதா இருந்தா நான் மறுபடி வெள்ளியைக் கேக்க மாட்டேன். துருவம் இன்னும் பாக்கி இருக்கு. சோலார் ஆர்பிட்டர் 2025 மார்ச்ல சூரியனோட நடுக்கோட்டுல இருந்து 17 டிகிரி கீழ சாய்ஞ்சு தென் துருவத்தைக் காட்டுச்சு, 2029-ல 33 டிகிரி வரைக்கும் போகணும், அதுக்கு மேல அதால முடியாது. 11 வருஷத்துக்கு ஒரு தடவை காந்தப்புலம் தலைகீழாகுறது அங்கதான் நடக்குது, கிட்ட இருந்து யாரும் பாத்ததில்ல. எதை அளக்கணும், எந்த அளவுக்கு கருவி செய்யணும்னு இப்ப பார்க்கர் நம்ம கையில கொடுத்திருக்கு. ஒரே 13 மணி நேரத்துல எல்லாத்தையும் பாக்கணும்னு போற கலத்துக்கு அது தெரிஞ்சிருக்கணும், 2005-ல யாருக்கும் தெரியாது. அந்தக் கூம்பு ஷீல்டை இப்ப தூசி தட்டி எடுக்கலாம்.